மின்சார ஓட்டத்தின் அளவுகளும் அவற்றை மாற்றிக் கணக்கிடும் முறையும்

கவலை கட்டியும் ஏற்றம் மிதித்தும் கிணற்று நீரை இறைத்த வழக்கம் குறைந்து, மின்சார மோட்டாரால் இறைக்கும் வழக்கம் பரவிப் பல வருஷங்கள் ஆகின்றன. 1932-ம் வருஷத்தில் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-ம் வருஷத்தில் மேட்டூர் நிலையமும், 1944-ம் வருஷத்தில் பாபநாசம் நிலையமும் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், மின்சாரம் பட்டணத்து விளக்குகளுக்கு மட்டுமன்றி வயற்காட்டுக் கிணறுகளுக்கும் உரியதாயிற்று. ஆயினும், நெல்லை மரக்காலாலும் கலத்தாலும், நிலத்தைக் குழியாலும் மாவாலும் பிழையின்றிக் கணக்கிடும் குடியானவர்களிற் பலர், மோட்டாரின் மேல் அடித்துள்ள தகட்டில் காணும் ஆம்பியர் கணக்கை மட்டும் தமக்குப் புறம்பான விஷயமென்று விட்டுவிடுகின்றனர்.

இவ்வாறு விட்டுவிடுவதால் இருவகை நஷ்டம் உண்டாகிறது. முதலாவது, மோட்டார் காயில் எரிந்து, பயிருக்குத் தண்ணீர் வேண்டிய சமயத்தில் கிணறு நின்றுபோதல். இரண்டாவது, உயிர்ச் சேதம். இவ்விரண்டிற்கும் பல சமயங்களில் மூலகாரணமாயிருப்பது ஒரே பிழைதான். அதாவது, ஓர் அளவில் சொல்லிய எண்ணை வேறோர் அளவாக எண்ணிக்கொள்வது. ஆகையால் மின்சார ஓட்டத்தின் அளவுகள் யாவை, அவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் எளிய கணக்குகளைக் கொண்டு விளக்குவோம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

1. ஓட்டம், அழுத்தம், தடை

வாய்க்காலில் நீர் ஓடுவதற்கு மேட்டிற்கும் பள்ளத்திற்கும் உள்ள உயர வித்தியாசம் காரணமாகும். அதுபோலவே கம்பியில் மின்சாரம் ஓடுவதற்கு மின் அழுத்தம் காரணம். இதனை வோல்ட் என்னும் அளவால் அளக்கிறோம். மதகின் வழியே ஒரு வினாடியில் பாயும் நீரை இத்தனை கன அடி என்று சொல்வதுபோல, கம்பியின் வழியே பாயும் மின்சார ஓட்டத்தை இத்தனை ஆம்பியர் என்று சொல்கிறோம். வாய்க்காலில் புல்லும் மண்ணும் நீரைத் தடுப்பதுபோல, கம்பியும் இயந்திரமும் ஓட்டத்திற்குத் தடை செய்கின்றன. இத்தடையின் அளவு ஓம் எனப்படும்.

இம்மூன்றிற்கும் உள்ள சம்பந்தம் மிகவும் எளியது. வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 230 வோல்ட் அழுத்தத்தில் 46 ஓம் தடையுள்ள ஓர் அடுப்பை இணைத்தால், 230-ஐ 46-ஆல் வகுக்க 5 ஆம்பியர் ஓடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆம்பியர் என்ற சொல்லிலேயே 'ஒரு வினாடிக்கு' என்பது அடங்கியுள்ளது. ஆதலால் "என் மோட்டார் மணிக்கு ஏழு ஆம்பியர் இழுக்கிறது" என்று சொல்வது பிழை. ஏழு ஆம்பியர் இழுக்கிறது என்பதே சரியானது. மணிக்கணக்கில் சேர்வது யூனிட் என்னும் மின்சாரச் செலவு, அது வேறு.

2. ஆம்பியர் என்னும் அளவு வந்த விதம்

பிரெஞ்சு தேசத்தில் 1775-ல் பிறந்து 1836-ல் காலமான ஆந்த்ரே மாரீ ஆம்பேர் என்பவர், மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகளை அருகருகே வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கவோ தள்ளவோ செய்கின்றன என்பதை 1820-ல் ஆராய்ந்து காட்டினார். அவருடைய பெயரையே 1881-ல் பாரிஸ் நகரத்தில் கூடிய சர்வதேச மின்சார மகாநாடு ஓட்டத்தின் அளவுக்கு இட்டது.

அளவுக்குப் பெயர் இட்டால் போதாது. அதனைச் சரிபார்க்க ஒரு முறையும் வேண்டும். 1908-ல் லண்டனில் கூடிய மகாநாட்டில், வெள்ளி உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, வினாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியச் செய்யும் ஓட்டமே ஒரு ஆம்பியர் என்று தீர்மானித்தனர். 1948-ல் அதனை மாற்றி, ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு நீண்ட கம்பிகளுக்கு இடையே உண்டாகும் விசையைக் கொண்டு வரையறுத்தனர். 2019-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி முதல், எலெக்ட்ரானின் மின்னேற்றத்தை ஆதாரமாகக் கொண்டு ஆம்பியர் நிர்ணயிக்கப்பட்டு வருகிறது. பழைய வெள்ளி ஆம்பியர் ஒரு லட்சம், இன்றைய ஆம்பியரில் ஏறத்தாழ 99,985-க்குச் சமம். இச்சிறு வித்தியாசம் பரிசோதனைச் சாலைக்கு முக்கியமேயன்றி, கிணற்று மோட்டாருக்கு ஒரு பொருட்டன்று.

பழைய பௌதிக நூல்களில் ஆப்ஆம்பியர், ஸ்டாட்ஆம்பியர் என்ற வேறிரண்டு அளவுகளும் காணப்படும். ஒரு ஆப்ஆம்பியர் 10 ஆம்பியருக்குச் சமம். ஒரு ஆம்பியரோ ஏறத்தாழ 300 கோடி ஸ்டாட்ஆம்பியர். பள்ளிப் பிள்ளைகள் இவற்றைப் பற்றிக் கேட்டால் விடை சொல்வதற்காகவே இங்கு எழுதினோம். வழக்கத்தில் இவற்றிற்கு உபயோகமில்லை.

3. கிலோ, மில்லி, மைக்ரோ

ஒரே ஓட்டத்தைப் பெரிய அளவாலும் சிறிய அளவாலும் சொல்லலாம். அவை பின்வருமாறு:

1 கிலோ ஆம்பியர் = 1,000 ஆம்பியர்
1 ஆம்பியர் = 1,000 மில்லி ஆம்பியர்
1 மில்லி ஆம்பியர் = 1,000 மைக்ரோ ஆம்பியர்
1 ஆம்பியர் = 10,00,000 மைக்ரோ ஆம்பியர், அதாவது பத்து லட்சம்

பயிருக்கு மருந்து தெளிக்கும் குடியானவர்களுக்கு மில்லி என்ற சொல் புதிதன்று. ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லி லிட்டர் மருந்து என்று சீட்டில் எழுதியிருக்க, அதனை 2 லிட்டர் என்று எண்ணிக் கலப்பவர் யாருமில்லை. மின்சாரத்திலும் அதே ஜாக்கிரதை வேண்டும்.

மாற்றும் விதி: பெரிய அளவிலிருந்து அடுத்த சிறிய அளவுக்குப் போகும்போது ஆயிரத்தால் பெருக்கவேண்டும். சிறிய அளவிலிருந்து அடுத்த பெரிய அளவுக்கு வரும்போது ஆயிரத்தால் வகுக்கவேண்டும். தசமப் புள்ளியை மூன்று இடம் நகர்த்துவதும் இதுவே.

7.5 ஆம்பியர் = 7,500 மில்லி ஆம்பியர்
30 மில்லி ஆம்பியர் = 0.03 ஆம்பியர்
10 கிலோ ஆம்பியர் = 10,000 ஆம்பியர்
230 மைக்ரோ ஆம்பியர் = 0.23 மில்லி ஆம்பியர்

பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் வந்தால், நெல்லை நினைத்துக்கொள்ளலாம். ஒரே குவியலைக் கலத்தால் அளந்தால் எண் சிறிதாகவும், மரக்காலால் அளந்தால் எண் பெரிதாகவும் வரும். அளவு சிறுத்தால் எண் பெருக்கும். அளவு பெருத்தால் எண் சிறுக்கும். விடை இதற்கு மாறாக வந்தால் கணக்கில் பிழை உண்டு என்று அறியலாம்.

கருவிகளின்மேல் இவ்வளவுகளை ஆங்கில எழுத்துக்களால் சுருக்கி அச்சிடுவர். தனியே பெரிய ஏ எழுத்து இருந்தால் ஆம்பியர். அதற்கு முன் சிறிய எம் இருந்தால் மில்லி ஆம்பியர். சிறிய கே இருந்தால் கிலோ ஆம்பியர். பெரிய எம் எழுத்து மெகா என்னும் பத்து லட்சத்தைக் குறிக்கும். எனவே எழுத்தின் உருவத்தையும் பார்த்தே படிக்கவேண்டும்.

4. மனித உடலும் மில்லி ஆம்பியரும்

இதுவே இப்பாடத்தில் மிகவும் முக்கியமான பகுதி. நமது வீடுகளுக்கு வரும் மாறு மின்சாரத்தில் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தால் ஒரு கூச்சம் தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விடமுடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில வினாடிகள் நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்திற்கும் ஆபத்து. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இருதயம் ஒழுங்கற்றுத் துடித்து நின்றுவிடக்கூடும்.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். ஈரக் காலுடன் வரப்பில் நிற்பவரின் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் கம்பியை அவர் தொட்டால், 230-ஐ 1,000-ஆல் வகுக்க 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் போக்க இது வேண்டியதற்கு மேல்.

அதே கம்பியில் 5 ஆம்பியர் ப்யூஸ் போட்டிருக்கிறது. ப்யூஸ் அறுந்து அவரைக் காப்பாற்றுமா? 5 ஆம்பியர் என்பது 5,000 மில்லி ஆம்பியர். உடலில் பாயும் 230 மில்லி ஆம்பியர் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ப்யூஸ் அதனை உணரவே உணராது. ப்யூஸ் என்பது கம்பியையும் இயந்திரத்தையும் காப்பதற்காக ஏற்பட்டதேயன்றி, மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. "சின்ன ப்யூஸ்தானே போட்டிருக்கிறேன், தொட்டால் போய்விடும்" என்று நம்புவது, ஆம்பியரையும் மில்லி ஆம்பியரையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் மயக்கம்.

காட்டுப் பன்றிக்காக வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேராக இணைப்பவர்களும் இந்த மயக்கத்திலேயே அகப்படுகின்றனர். அவ்வேலியைத் தொடும் பக்கத்து நிலத்துக்காரருக்கும், மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் பாய்வது மேற்சொன்ன 230 மில்லி ஆம்பியரே. இது சட்டப்படி குற்றம் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஊரார் யாவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டும்.

மனிதனைக் காப்பதற்கு வேறொரு கருவி உண்டு. கசிவு மின்தடுப்பான் என்னும் இக்கருவி, போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாயிருக்கின்றனவா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். போனது திரும்பாமல் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குக் கசிந்தால், அந்த வித்தியாசம் குறித்த அளவை எட்டியதும் ஒரு நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மனிதப் பாதுகாப்புக்கு வாங்கவேண்டியது 30 மில்லி ஆம்பியர் கருவி. 100, 300 மில்லி ஆம்பியர் கருவிகளும் விற்கப்படுகின்றன; அவற்றில் 300 மில்லி ஆம்பியர் கருவி பெரும்பாலும் தீ விபத்தைத் தடுப்பதற்கானது. சில கருவிகளில் 30 மில்லி ஆம்பியரை 0.03 ஆம்பியர் என்றும், 300 மில்லி ஆம்பியரை 0.3 ஆம்பியர் என்றும் அச்சிட்டிருப்பர். ஒரு பூஜ்யம் தவறிப் படித்தால், உயிரைக் காக்கும் கருவிக்குப் பதிலாக வேறொன்று வீட்டிற்கு வந்து சேரும்.

5. ஒரே பெட்டியில் மூன்று அளவுகள்

மீட்டர் பெட்டியில் உள்ள கருவிகளைப் பார்த்தால் கிலோ ஆம்பியர், ஆம்பியர், மில்லி ஆம்பியர் மூன்றும் அங்கேயே காணப்படும். கசிவு மின்தடுப்பானின் மேல் 40 ஆம்பியர் என்றும் 30 மில்லி ஆம்பியர் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, அது தன்வழியே நிரந்தரமாகச் செல்லவிடக்கூடிய ஓட்டம். இரண்டாவது, துண்டிக்கும் கசிவு.

ப்யூஸுக்குப் பதிலாக இக்காலத்தில் வைக்கப்படும் சிறு மின்முறிப்பானின் மேல் ஸி 16 என்றும், ஒரு கட்டத்திற்குள் 10000 என்றும் அச்சிட்டிருக்கும். 16 என்பது அது நிரந்தரமாகத் தாங்கும் ஆம்பியர். ஸி என்ற எழுத்து, ஓட்டம் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஆகும்போது உடனே துண்டிக்கும் என்பதைக் குறிக்கும். 10000 என்பது கம்பிகள் ஒன்றோடொன்று பொருந்திப் பெருவெள்ளமாகப் பாயும் ஓட்டத்தில், 10 கிலோ ஆம்பியர் வரை அக்கருவி சிதறாமல் துண்டிக்கவல்லது என்பதைக் குறிக்கும். பத்தாயிரம் ஆம்பியர் தாங்கும் என்று எண்ணி எவ்வளவு பெரிய மோட்டாரையும் அதில் இணைத்துவிடலாகாது. வானத்து இடியின் மின்னலில் சாதாரணமாக 30 கிலோ ஆம்பியர் அளவில் ஓட்டம் பாயும் என்பதிலிருந்து கிலோ ஆம்பியரின் பெருமை விளங்கும்.

6. குதிரைச் சக்தியிலிருந்து ஆம்பியர்

குடியானவர் மோட்டாரை வாங்குவது குதிரைச் சக்திக் கணக்கில். கம்பியும் ஸ்டார்ட்டரும் வாங்குவது ஆம்பியர் கணக்கில். இரண்டையும் இணைக்கும் கணக்கு இது.

ஒரு குதிரைச் சக்தி 746 வாட். மெட்ரிக் குதிரைச் சக்தியோ 735.5 வாட். நம் மோட்டார்களின் தகட்டில் 5 குதிரைச் சக்திக்கு நேரே 3.7 கிலோவாட் என்று எழுதியிருப்பதைக் காணலாம். இது மோட்டார் வெளியே கொடுக்கும் சக்தி. உள்ளே இழுப்பது இதைவிட அதிகம். ஏனெனில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. மும்முனை மின்சாரத்தில் 415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு, திறன் நூற்றுக்கு 84 என்றும், பவர் பாக்டர் 0.82 என்றும் கொண்டு கணக்கிடுவோம்.

5 x 746 = 3,730 வாட்; இது வெளியே கிடைக்கும் சக்தி.
3,730-ஐ 0.84-ஆல் வகுக்க ஏறத்தாழ 4,440 வாட். இது உள்ளே இழுக்கும் சக்தி.
4,440-ஐ 0.82-ஆல் வகுக்க ஏறத்தாழ 5,415 வோல்ட்-ஆம்பியர்.
415 x 1.732 = ஏறத்தாழ 719.
5,415-ஐ 719-ஆல் வகுக்க ஏறத்தாழ 7.5 ஆம்பியர்.

எனவே மும்முனை மோட்டாருக்குக் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஆழ்குழாய்க் கிணற்றில் நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்கள் இதைவிடச் சற்று அதிகமாக இழுப்பது வழக்கம். ஆகவே மனக்கணக்கு சந்தேகம் தீர்ப்பதற்கே. தகட்டில் உள்ள எண்ணே பிரமாணம்.

இந்த ஒன்றரை ஆம்பியர் கணக்கை ஒருமுனை மோட்டாருக்குக் கொள்ளலாகாது. 230 வோல்ட்டில் ஓடும் 1 குதிரைச் சக்தி மோட்டாருக்குத் திறன் நூற்றுக்கு 65, பவர் பாக்டர் 0.80 எனக் கொண்டால், ஓட்டம் 6 ஆம்பியருக்குச் சற்று மேலாகும். ஒன்றரை ஆம்பியர் என்றெண்ணி மெல்லிய கம்பி இழுத்தால் அது சூடேறி உருகிவிடும்.

யூனிட் கணக்குக்கு ஆம்பியரை மட்டும் கொண்டால் போதாது. உள்ளே இழுக்கும் வாட் வேண்டும். மேற்படி மோட்டார் 4,440 வாட் இழுப்பதால், ஒரு மணிக்கு 4.44 யூனிட். ஆறு மணி ஓடினால் ஏறத்தாழ 26.6 யூனிட்.

7. ஓவர்லோடு ரிலேயை வைக்கும் அளவு

ஸ்டார்ட்டருக்குள் உள்ள ஓவர்லோடு ரிலேயே மோட்டாரின் காவற்காரன். ஓட்டம் வரம்பு மீறிச் சிறிது நேரம் நீடித்தால் அது மோட்டாரை நிறுத்திவிடும். நேரடி ஸ்டார்ட்டராயின், ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் வைக்கலாகாது.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மற்றொரு மாற்றுக் கணக்கு உண்டு. மோட்டார் முழு வேகத்தில் டெல்டா இணைப்பில் ஓடும்போது, வெளிக் கம்பியில் வரும் ஓட்டம் இரண்டு காயில்களுக்குப் பிரிந்து போகிறது. அதனால் ஒவ்வொரு காயிலிலும் ஓடுவது வெளிக் கம்பி ஓட்டத்தை 1.732-ஆல் வகுத்தது மட்டுமே, அதாவது 0.58 பங்கு. ரிலே பெரும்பாலும் காயிலின் பாதையிலேயே அமைந்திருக்கும். 10 குதிரைச் சக்தி மோட்டாரின் தகட்டில் 14.4 ஆம்பியர் என்று இருந்தால், ரிலேயை 14.4 x 0.58, அதாவது ஏறத்தாழ 8.3 ஆம்பியரில் வைக்கவேண்டும். தகட்டைப் பார்த்து 14.4-லேயே வைத்தால், காயில் தன் அளவைப்போல் 1.73 மடங்கு ஓட்டத்தைத் தாங்கி எரியும் வரையில் காவற்காரன் உறங்கிக்கொண்டிருப்பான். ரிலே எந்தப் பாதையில் உள்ளது என்பதை ஸ்டார்ட்டரின் மூடியில் ஒட்டியுள்ள படத்தால் அறியலாம்.

ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் திருகை மேலே ஏற்றிவைப்பது பலரிடத்தில் உள்ள வழக்கம். இது, குரைக்கும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் களத்தைத் திறந்துவைப்பது போலாகும். ரிலே விழுவதன் காரணத்தைத் தேடவேண்டுமேயன்றி, ரிலேயைத் தண்டிக்கலாகாது.

8. ஓட்டம் மிகுவதன் காரணங்கள்

அழுத்தம் குறைதல்: மோட்டார் அதே நீரை அதே உயரத்திற்கு ஏற்றவேண்டியிருப்பதால், வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், 350 வோல்ட்டில் ஏறத்தாழ 8.9 ஆம்பியர் இழுக்கும். இது ஒன்றரை ஆம்பியர்கூட இல்லையே என்று அலட்சியம் செய்யலாகாது. காயிலில் உண்டாகும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் 1.19 மடங்கானால், சூடு 1.19 x 1.19, அதாவது ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகிறது.

ஒரு முனை போதல்: மூன்று முனைகளில் ஒன்று அறுந்தும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், மற்றை இரண்டு கம்பிகளிலும் ஓட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். 7.5 ஆம்பியர் 13 ஆம்பியராக உயரும். சூடு மூன்று மடங்கு. சில நிமிஷங்களில் காயில் எரிந்துபோகும். ரிலே சரியான அளவில் இருந்தால் இந்த நஷ்டம் பெரும்பாலும் நேராது. முனை போனதை உணர்ந்து நிறுத்தும் தனிக் கருவி இருந்தால் இன்னும் நன்று.

கம்பி மெலிந்திருத்தல்: 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம், 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 4.6 ஓம். 7.5 ஆம்பியர் மோட்டாருக்கு 200 மீட்டர் தூரம் மெல்லிய கம்பியை இழுத்தால் ஏறத்தாழ 16 வோல்ட் வழியிலேயே வீணாகும். தடித்த கம்பியானால் 10 வோல்ட் போகும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்த ஊர்களில் இந்த 6 வோல்ட்டும் பெரிதே.

இதற்கு மாறாக, ஓட்டம் வழக்கத்திற்குக் குறைந்தாலும் கவனிக்கவேண்டும். கிணற்றில் நீர் வற்றிப் பம்பு வெறுமனே சுற்றினால் ஆம்பியர் இறங்கும். மூழ்கி ஓடும் மோட்டாருக்கு நீரே குளிர்ச்சி தருவதால், ஆம்பியர் இறங்கிய நிலையில் அதனை ஓடவிடுவதும் ஆபத்து.

9. அளக்கும் முறை

கம்பியை அறுக்காமலே ஓட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் என்னும் இடுக்கிக் கருவியை, ஊருக்கு ஒன்றாகச் சங்கத்திலாவது வாங்கி வைக்கலாம். அதன் வாயில் ஒரே ஒரு கம்பியைத்தான் விடவேண்டும். மூன்றையும் சேர்த்து விட்டால், ஒன்றின் காந்த சக்தியை மற்றவை அழித்துவிடுவதால் பூஜ்யம் காட்டும். மூன்று கம்பிகளையும் தனித்தனியே அளந்து, மூன்றும் ஏறக்குறையச் சமமாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். கருவி மில்லி ஆம்பியரில் காட்டுகிறதா ஆம்பியரில் காட்டுகிறதா என்பதை எண்ணைப் படிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும்.

அரிசி ஆலை முதலிய பெரிய இணைப்புகளில், ஓட்டம் முழுவதும் மீட்டருக்குள் போவதில்லை. 100/5 என்று எழுதிய ஒரு மாற்றி, 100 ஆம்பியரை 5 ஆம்பியராகச் சுருக்கி மீட்டருக்குக் கொடுக்கிறது. இங்கே மடங்கு 20. நேரடி அம்மீட்டர் 3 காட்டினால், உண்மையில் ஓடுவது 60 ஆம்பியர். அம்மாற்றியிலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியை மின்சாரம் ஓடும்போது கழற்றுவது உயிருக்கு அபாயம். அது மின்வாரியத்தாரின் வேலை.

10. ஆம்பியர்-மணி

மருந்து தெளிக்கும் பாட்டரித் தெளிப்பான்களில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இது ஓட்டத்தின் அளவன்று, பாட்டரியின் கொள்ளளவு. ஓட்டம் மதகு என்றால், இது குளம். 2 ஆம்பியர் வீதம் இழுத்தால், 8-ஐ 2-ஆல் வகுக்க 4 மணி வரும். பாட்டரி பழகப் பழக இது குறையும்.

கைத் தொலைபேசியின் பாட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எண்ணாகப் போட்டிருப்பர். ஆயிரத்தால் வகுத்தால் 5 ஆம்பியர்-மணிதான். இரண்டையும் ஒப்பிட வோல்ட்டாலும் பெருக்கவேண்டும். தெளிப்பான் பாட்டரி 12 x 8 = 96 வாட்-மணி; தொலைபேசிப் பாட்டரி 3.7 x 5 = 18.5 வாட்-மணி. எண் பெரிதானால் பொருள் பெரிது என்று எண்ணலாகாது என்பதற்கு இதுவும் உதாரணம்.

11. பயிற்சிக் கணக்குகள்

(1) 300 மில்லி ஆம்பியர் எத்தனை ஆம்பியர்?
(2) 0.1 ஆம்பியர் எத்தனை மில்லி ஆம்பியர்? அது உடலுக்கு ஆபத்தானதா?
(3) மும்முனையில் ஓடும் 7½ குதிரைச் சக்தி மோட்டார் மனக்கணக்கில் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?
(4) தகட்டில் 11 ஆம்பியர் உள்ள மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ரிலே காயிலின் பாதையில் உள்ளது. எந்த அளவில் வைப்பது?
(5) 200/5 மாற்றியுடன் இணைந்த அம்மீட்டர் 2.5 காட்டுகிறது. உண்மை ஓட்டம் எவ்வளவு?
(6) 12 ஆம்பியர்-மணி பாட்டரி, 1.5 ஆம்பியர் இழுக்கும் தெளிப்பானை எத்தனை மணி ஓட்டும்?

விடைகள்: (1) 0.3 ஆம்பியர். (2) 100 மில்லி ஆம்பியர், மிகவும் ஆபத்தானது. (3) 11¼ ஆம்பியர். (4) ஏறத்தாழ 6.4 ஆம்பியர். (5) 100 ஆம்பியர். (6) 8 மணி.

12. செய்யவேண்டியவை

மோட்டார் வைத்துள்ள ஒவ்வொருவரும் மோட்டார் அறையின் சுவரில் நான்கு எண்களைப் பெயிண்டால் எழுதிவைப்பது நலம்: தகட்டில் உள்ள ஆம்பியர், ரிலேயை வைத்துள்ள ஆம்பியர், ப்யூஸின் ஆம்பியர், அழுத்தம் சரியாயுள்ள நாளில் அளந்த ஆம்பியர். தகடு துருப்பிடித்து அழிந்தாலும், மெக்கானிக் மாறினாலும், இவ்வெண்கள் நிற்கும். ஓட்டம் கூடியதா குறைந்ததா என்பதை நான்காவது எண்ணோடு ஒப்பிட்டே அறியமுடியும்.

வீட்டிலுள்ள கசிவு மின்தடுப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்தி, கருவி விழுகிறதா என்று பார்க்கவேண்டும். விழாத கருவி இருந்தும் இல்லாததே. மோட்டார் அறைக்கு எவ்வகைக் கருவி ஏற்றது என்பதை, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு கசிவை அளந்து தீர்மானித்துக்கொள்ளலாம். பூமிக் கம்பியின் இணைப்பு துருப்பிடிக்காமலும் தளராமலும் இருக்கவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள், மழைக்காலம் தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் ஐந்து ஆம்பியர் ப்யூஸையும் முப்பது மில்லி ஆம்பியர் கருவியையும் ஒப்பிட்டு நான்காம் பகுதியில் கூறிய கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்களாயின் பெரும் உபகாரமாகும். அறுந்து விழுந்த கம்பியின் அருகில் யாரையும் செல்லவிடாமல் காவல் வைத்து, மின்வாரியத்திற்கு உடனே தெரிவிப்பதும் அவர்கள் கடமை.

நெல்லின் கணக்கில் ஒரு மரக்கால் தவறினால் நஷ்டம் ஒரு மரக்காலோடு போகும். மின்சாரக் கணக்கில் ஆயிரத்தின் ஒரு பங்கு தவறாகப் படிக்கப்பட்டால் உயிரே போகலாம். ஆதலின் எண்ணைப் படிக்குமுன் அதன் அளவைப் படிக்கும் பழக்கத்தைக் குடியானவர்கள் யாவரும் கைக்கொள்வார்களென நம்புகிறோம்.